மாவு மில்காரரின் உயிலும் எங்கள் வீட்டுப் பெயரும்

எங்கள் வீட்டுப் பெயர், எங்கள் எல்லார் பெயருக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது, ஆங்கிலப் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என் தம்பி பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் அதை வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துச் சபைகள் தொடங்கிய காலத்தில், சீமையில் இருந்த பக்திமான்கள் இங்கே உள்ள பள்ளிப் பிள்ளைகளில் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்துகொண்டு சாப்பாட்டுக்கும் துணிக்கும் பணம் அனுப்பினார்கள். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்கு அவர்கள் பெயரை வைத்துவிடுவார்கள். கருப்பட்டி காய்ச்சும் வீட்டுப் பையன் காலையில் ஒரு பெயரோடு சர்ச்சுக்குள் போய், மத்தியானம் பிரபு வீட்டுப் பெயரோடு வெளியே வருவான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் பெயர் கூப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் லண்டனில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். கண்ணைத் திறந்தால் நாங்கள்தான் இருப்போம்.

இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் மற்றவர்களுக்குப் பெயர் தர்மத்தில் வந்தது, நமக்கு ரத்தத்தில் வந்தது என்பது அவர் கட்சி. அதற்கு அவரிடம் இரண்டு சாட்சிகள் இருந்தன. ஒன்று, பெரியப்பாவின் பூனைக்கண். இரண்டாவது, அப்பாவுக்குக் காரம் ஆகாது. கடியப்பட்டணத்திலிருந்து வரும் நல்ல மீனை அம்மா மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தால், அப்பா தொடமாட்டார். உப்புப் போட்டு அவித்துத் தரச் சொல்லி, முள்ளுக்கரண்டியால் குத்தித் தின்பார். அது வயிற்றுப்புண் என்று பின்னால் தெரிந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை நாலு மாதம் குடித்ததும் இங்கிலாந்து ரத்தம் சுத்தமாக வடிந்து, ஊறுகாய் கேட்க ஆரம்பித்தார். ஆனால் கட்சியை விடவில்லை.

அப்பா மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரைட்டராக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். வரும்போது துரை பங்களாவில் கழித்துப்போட்ட சாய்வு நாற்காலி ஒன்றையும், தக்கைத் தொப்பி ஒன்றையும், ஒரு வியாதியையும் கொண்டுவந்தார். வியாதி இதுதான். அவருடைய கடைசித் துரை சின்ன வயசுக்காரர். லீவில் சீமைக்குப் போனபோதெல்லாம் தன் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருந்தவர். ஒரு பெரிய தாளில் கிளை கிளையாகக் கோடு போட்டு, தாத்தாவின் தாத்தா வரைக்கும் எழுதி ஆபீஸ் மேஜையில் விரித்து வைத்திருந்தாராம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, இரண்டே வழிதான், சர்ச்சில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதிய புத்தகங்கள் ஒன்று, செத்தவர்கள் எழுதி வைத்த உயில்கள் இன்னொன்று என்று சொல்லியிருக்கிறார். தன் முன்னோர்களில் ஒருவன் ஆடு திருடி ஜெயிலுக்குப் போனவன் என்றும் சொல்லிச் சிரித்தாராம். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஊருக்கு வந்த மறுவாரமே அப்பா தேட ஆரம்பித்தார். எங்களிடம் ஒரு பழைய ஆங்கில பைபிள் இருந்தது. அப்பாவின் தாத்தாவுக்குச் சீமையிலிருந்து வந்தது. முதல் பக்கத்தில் கொடுத்தவரின் பெயரும், அவர் ஊரின் பெயரும் இருந்தன. கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ஒன்றே. அந்த ஊர்ப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அதனால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் சர்ச்சுக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் டீச்சர். கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தக் கையெழுத்தால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் தேயிலைப் பெட்டி அனுப்புகிற ஆங்கிலம். மேற்படி முன்னோர்களின் விவரங்களைத் திரும்பும் தபாலில், சேதாரம் இல்லாமல், எண்ணிச் சரிபார்த்து அனுப்பி வைக்கவும் என்கிற பாணியில் நாலு பக்கம் சொன்னார். நான் கொஞ்சம் திருத்தி எழுதினேன். முழுக்கத் திருத்தவில்லை. அந்தப் பாதிரியாரும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை நெய்யூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அப்பாவின் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து வாங்க அம்மாவும் நானும்தான் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை அந்தக் காலத்தில் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது, இப்போது சொன்னால் யாரும் என்னை என்ன செய்துவிட முடியும்? மருந்துப் புட்டியில் அளவுக் காகிதத்தை ஒட்டும்போது வளையாமல் ஒட்டுவார். அம்மா ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாலும் மூன்று தடவையும் முதல் தடவை போலவே பதில் சொல்வார். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. என்னோடு படித்தவர்கள் எல்லாம் இரண்டு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்கு வந்தார்கள்.

அவருடைய அக்காவும் அத்தானும் வந்து முறையாகக் கேட்டார்கள். அப்பா தக்கைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டு, அம்மாவிடம் திரும்பினார்.

"கம்பவுண்டராம், கம்பவுண்டர். அவனுக்க தாத்தன் பனையேறியில்லா? நம்ம ரெத்தம் என்ன, அவனுக்க ரெத்தம் என்ன? சீமையிலேருந்து கடிதாசு வரட்டு. வந்தா நாகர்கோவில்ல பியானோ வச்சிருக்க வீட்டிலேருந்து கேட்டு வருவான்."

"சீமையில செத்தவன தேடுதது இருக்கட்டு. இங்க உயிரோட ஒருத்தி நிக்கியா. அவளுக்கு ஒரு வழியப் பாருங்க" என்றாள் அம்மா.

அப்பா வழியைப் பார்த்தார். இரண்டாவது கடிதம் சொன்னார்.

அடுத்த தடவை மருந்துக்குப் போனபோது, அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் கம்பவுண்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் இரகசியத்துக்கு ஆயுசு கம்மி.

"டீச்சர், எனக்க தாத்தா பனையில ஏறினது உள்ளதுதான். உங்க தாத்தா கப்பல்லேருந்து எறங்கினாருன்னு கடிதாசு வந்தா எனக்கும் சொல்லுங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மைக்குச் சொகமில்ல. அறுப்புப் பண்டிகை வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பெறவு மாமன் மகள முடிச்சுக்கிடச் சொல்லுவா. எனக்கு மறுக்க முடியாது கேட்டியளா?"

கெஞ்சவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. புட்டியில் எத்தனை வேளைக்கு மருந்து இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். சர்ச்சின் அறுப்புப் பண்டிகைக்கு ஐந்து மாதம் இருந்தது. சீமைக்குக் கடிதம் போய் வர ஒன்றரை மாதம்.

முதல் பதில் வந்தது. அந்தப் பாதிரியார் நல்ல மனுஷர். எங்கள் பெயர் கொண்டவர் அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தாராம். ஆற்றுத் தண்ணீரில் ஓடுகிற மில். அங்கேயே ஞானஸ்நானம், அங்கேயே கல்யாணம், அங்கேயே அடக்கம். நாலு பெண்மக்கள். அவருக்குப் பிறவியிலேயே ஒரு கால் ஊனம் என்பதால், பக்கத்துச் சந்தையைத் தாண்டி அவர் எங்கும் போனதாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தார்.

நான் இதை வாசித்து முடித்ததும், அப்பாவின் நினைப்பு இத்தோடு தெளியும் என்று நம்பினேன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலும் பொம்பளைப் பிள்ளையா? அப்ப ஆம்பளைப் பிள்ளைக்கு மனுஷன் எங்க போவான்?"

"ஒத்தக் காலோட இங்கயா வருவாரு?"

"கப்பல்ல வாறதுக்குக் கால் எதுக்குட்டி?"

பேனாவில் மை ஊற்றினேன். உயில் உண்டா என்று கேட்டு அடுத்த கடிதம் போயிற்று.

உயில் உண்டு. பாதிரியார் அந்தப் பகுதியை நகல் எடுத்தே அனுப்பிவிட்டார். திருவிதாங்கூரில் என் பெயரைத் தாங்கி வளரும் பையனுக்கு, அவன் உயிரோடு இருக்கும் காலம்வரை, வருஷந்தோறும் பராமரிப்புத் தொகை அனுப்பப்பட வேண்டும் என்று மில்காரர் எழுதியிருந்தார். எழுதிய ஆறு மாதத்தில் செத்தும் போயிருந்தார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கல்யாணச் சத்தம். அப்பா தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து உயிலை என்னை வாசிக்கச் சொன்னார். பெற்றவனைத் தவிர எவன் ஆயுசு முழுக்கச் சோறு போடுவான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று தலையாட்டிவிட்டு அவர்கள் காப்பி குடித்துப் போனார்கள். நாகர்கோவில் பியானோ வீட்டுக்கும் யார் மூலமாகவோ செய்தி போய், அந்தப் பையனுக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள் என்று பதில் செய்தியும் வந்துவிட்டது. அந்தப் பையனை நான் கன்வென்ஷன் ஜெபக்கூட்டப் பந்தலில் பார்த்திருக்கிறேன். பியானோவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. அந்தப் பையன்தான் தன் தாத்தா என்று நம் சர்ச்சின் புத்தகத்திலிருந்து நகல் எடுத்து, உயிலோடு சேர்த்து, அறுப்புப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு சபைக் கமிட்டியில் வைப்பது. பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. போதகர் சாவியைக் கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் நான் சர்ச்சின் பின்னறையில் பழைய பெட்டியைத் திறந்தேன். புத்தகங்களில் பூச்சி அரித்தது போக மீதி இருந்தது.

ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் சீக்கிரமே கிடைத்தது. வயது ஆறு. தகப்பன் தொழில், பனையேற்றம். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை அப்பா எப்படியும் சமாளிப்பார், வளர்ப்புத் தகப்பன் என்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். இனி தாத்தாவின் கல்யாணத்தையும் அடக்கத்தையும் எடுக்க வேண்டும். அடக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் பெயர் தேடாமலே கண்ணில் பட்டது. வயது ஒன்பது. காலரா.

வருஷத்தைத் திரும்பப் பார்த்தேன். ஆறு வயதில் ஞானஸ்நானம் பெற்ற அதே பையன். மில்காரர் செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒன்பது வயதில் செத்துப்போனவர் எப்படி என் அப்பாவின் அப்பாவையும் அப்பாவின் ஏழு அத்தைகளையும் பெற்றார் என்று புரியாமல், ஞானஸ்நானப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அடக்கம் நடந்து மூன்றாவது ஞாயிறு, இன்னொரு பையன். வயது எட்டு. அநாதை. முந்திய பெயர் என்ற இடத்தில் நம் ஊர்ப் பெயர் ஒன்று. அப்பா முப்பது வருஷம் எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் பட்டியலில் தினமும் எழுதிக் கைசலித்த பெயர்களில் ஒன்று. புதுப் பெயர் என்ற இடத்தில் எங்கள் பெயர், எழுத்துப் பிசகாமல். ஓரத்தில் பள்ளியை நடத்திய உபதேசியார் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: முந்தினவன் இடத்தில்.

அநாதையாக வந்து, பின்னால் சபை மூப்பராகி, ஏழு பெண்களுக்கும் ஒரு மகனுக்கும் தகப்பனானவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்களே, அந்தத் தாத்தா இவர்தான். பையன் உயிரோடு இருக்கும் காலம்வரை என்று உயிலில் இருந்தது. உபதேசியார் பையனை உயிரோடு வைத்துக்கொண்டார். பைபிளையும் இரண்டாவது பையன் கையில் கொடுத்திருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்பாவை மடக்கக் கையில் ஆயுதம் கிடைத்துவிட்டது, கல்யாணம் நடக்கும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒன்பது வயதுப் பையனைப் பற்றி அப்போது ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. மூன்று வரியையும் நல்ல தாளில், என் நல்ல கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கோபப்படுவார், அழுவார், புத்தகம் பொய் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓர வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"செத்தவன் பேர செக்ரோல்ல நிறுத்தியிருக்கான்" என்றார். "கொள்ளாம். மூணு வாரம் பொறுத்திருக்கான் பாத்தியா? அவசரப்பட்டா மாட்டுவான். அந்தக் காலத்திலயே நல்ல வேலைக்காரன்."

செக்ரோல் என்பது எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் வேலைக்கு வந்ததைத் தினமும் எழுதும் பட்டியல். அதை முப்பது வருஷம் எழுதியவர் அப்பா. ஒரு பெயரைக் கேட்டதும் அது ஆள் உள்ள பெயரா, ஆள் போன பிறகும் கூலியை எடுத்துக்கொள்ள நிறுத்தின பெயரா என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீடு கட்டின கல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டி வரும். அத்தனை மாதம் முன்னோரைத் தேடின மனுஷனுக்குக் கடைசியில் சொந்தம் என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டார், அந்த உபதேசியார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

"எனக்கும் உங்களுக்கும்."

"போதகருக்கு?"

"அவரு அந்தப் பெட்டியைத் தொறந்ததே இல்ல."

"சீமைக்கு இனி எழுதாண்டாம். மில்லுகாரனுக்க பேரப்பிள்ளைகள் வாங்கினத திரும்பக் கேப்பானுவ. அந்தத் தாள இங்க தா."

நான் தாளை மடித்துச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டேன். "நெய்யூருக்கு ஆள் அனுப்புங்க. இல்லேன்னா கமிட்டியில இத நானே வாசிப்பேன்."

"வாசிக்க மாட்ட."

"வாசிப்பேன் அப்பா."

என் குரல் நடுங்கியது. அவருக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகக் கேட்கும். நடுக்கத்தைக் கேட்டிருப்பார். ஆனாலும் நான் சொன்னதைச் செய்வேன் என்று நம்பினார். அவர் மகள்தானே நான். கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பனையேறினவன் வீடுன்னாலும் மரியாதப்பட்ட ஆளுவதான்" என்றார் கடைசியில். "தாள எப்ப தருவ?"

"ஓலை வாசிச்சு முடிஞ்ச பெறவு."

அறுப்புப் பண்டிகைக்கு எட்டு நாள் முன்பு ஆள் போய், வெற்றிலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அவருடைய அம்மை கட்டிலில் படுத்துக்கொண்டே சம்மதம் சொன்னாளாம். கமிட்டியில் அப்பா உயிலை மட்டும் வைத்தார். சர்ச் புத்தகத்தைப் பூச்சி தின்றுவிட்டது என்று சொன்னார். எல்லாரும் அனுதாபப்பட்டார்கள்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை சொல்ல யாருக்காவது காரணம் தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்பார். ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். யாரும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

முதல் இரண்டு ஞாயிறும் நான் சந்தோஷத்தில் இருந்தேன், எதுவும் காதில் விழவில்லை. மூன்றாம் ஞாயிறு போதகர் என் பெயரையும் அதோடு எங்கள் வீட்டுப் பெயரையும் நிறுத்தி வாசித்தார். ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் அப்பா நிமிர்ந்து உட்கார்வது தெரிந்தது. அப்போதுதான் அந்தப் பையன் ஞாபகம் வந்தான். காலராவில் செத்தவர்களை அந்தக் காலத்தில் குழி வெட்டி உடனே மூடிவிடுவார்கள், கல் வைக்கமாட்டார்கள். அவனை எங்கே வைத்தார்கள் என்று தெரியாது. அவனுடைய பனையேறித் தகப்பனிடம், மூன்றே வாரத்தில் உன் மகன் பெயரோடு இன்னொரு பையன் பள்ளியில் இருக்கிறான் என்று யாராவது சொன்னார்களா என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இப்போது வாசித்தது அவன் பெயர்.

போதகர் தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தார். சொல்ல வேண்டிய தாள் என் சட்டைக் கைக்குள் இருந்தது. அதை மத்தியானம் அப்பாவிடம் கொடுக்க வேண்டும், அவர் அடுப்பில் போடுவார், எங்கள் பேச்சு அதுதான். உபதேசியார் அவனை உயிரோடு வைத்துக்கொண்டது சீமைப் பணத்துக்காக. நான் வைத்துக்கொண்டது ஒரு கம்பவுண்டருக்காக. என் காரணம் கொஞ்சம் நல்ல காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உபதேசியாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

யாரும் தடை சொல்லவில்லை. போதகர் பாட்டு நம்பரைச் சொன்னார். எழுந்து நின்று, என் பெஞ்சில் இருந்த எல்லாரையும்விட நான்தான் சத்தமாகப் பாடினேன்.